திருகோணமலையில் ஜம்போ பாக் வியாபாரம்: ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான். கட்டாரில் எட்டு வருடம் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறார் தம்பி ஒருவர். நிலாவெளி வீதியில் மனைவி வீட்டாருடைய ஸ்ரோர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் ஜம்போ பாக் (தூக்கு வார் வைத்து, பிளாஸ்டிக் நூலால் நெய்த, மெஷினால் தூக்குகிற பெரிய பை), சாக்கு, பொலித்தீன் உறை எல்லாம் வாங்கி விற்கிற சின்னக் கொம்பனி ஒன்று தொடங்கலாமா என்று கேட்கிறார். மச்சான் இந்தியாவிலிருந்து ஒரு கொன்டெய்னர் இறக்கலாம் என்கிறாராம். உப்பு வியாபாரி ஒருவர் 200 பைக்கு வாய்ச்சொல்லும் கொடுத்துவிட்டாராம். கடைசியாக ஒன்று கேட்கிறார்: சீனன்குடாவிலும் புல்மோட்டையிலும் இவ்வளவு பெரிய தொழிற்சாலைகள் இருக்க, இங்கே ஏன் ஒருவரும் இதைப் பெரிதாகச் செய்யவில்லை?

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன். செய்யாமல் இல்லை தம்பி. செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன்; பன்னிரண்டு வருடமாகச் சுட்டுக்கொண்டே பிழைக்கிறேன்.

சீனன்குடா மாவு ஆலை 1980இலிருந்து ஓடுகிறது. சீமெந்துத் தொழிற்சாலையும் எண்பதுகளில் வந்ததுதான். புல்மோட்டையில் கனிம மணல் அள்ளுவது அதற்கும் முந்திய கதை. தொடக்கத்தில் எனக்கும் இந்த மூன்றும்தான் கண்ணில் பட்டன. ஆனால் அந்த அளவில் இயங்கும் இடங்கள் பையை ஆயிரக்கணக்கில் கேள்விமனு போட்டு, பரிசோதனைச் சான்றிதழ் கேட்டு, உற்பத்தியாளரிடம் நேரே வாங்கும் வழக்கமுள்ளவை. காசு வர மூன்று மாதமும் ஆகலாம். சின்னக் கடைக்காரன் அந்த வாசலுக்குப் போனால் காவலாளியோடு கதைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அவசரத்துக்கு எப்போதாவது ஐம்பது பை கேட்டு யாராவது தொலைபேசி எடுப்பார்கள். அதை நம்பி ஸ்ரோர் வாடகை கட்ட முடியாது.

உங்கள் ஆட்கள் வேறு. கோடையில் உப்பு அள்ளுகிறவர், தவிடும் புண்ணாக்கும் வாங்கி மாட்டுக்காரருக்குப் பிரித்து விற்கிறவர், கந்தளாய்ப் பக்கத்து நெல் மில்காரர், பிளாஸ்டிக் போத்தல் சேர்த்து நசுக்கிக் கொழும்புக்கு அனுப்புகிற பழைய இரும்புக் கடைக்காரர், கட்டட இடிபாடு ஏற்றுகிற கொந்தராத்துக்காரர். இவர்களுக்கு 20 பை வேண்டும், 50 பை வேண்டும், கூடிப்போனால் 200. உற்பத்தியாளர் இந்தத் தொகைக்குத் திரும்பியும் பார்க்க மாட்டார். எந்தப் பை வாங்குவது என்று இவர்களுக்கும் தெரியாது. அந்த இடைவெளியில்தான் உங்கள் கடை. விலை குறைத்து விற்பதால் இந்தக் கடை நிற்காது, கொழும்பில் எப்போதும் உங்களைவிடக் குறைத்துத் தர ஒருவர் இருப்பார். வருகிறவரிடம் சரியான கேள்வி கேட்டுச் சரியான பையைக் கொடுக்கத் தெரிந்தால், பிழையான பை கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பத் தெரிந்தால், நிற்கும்.

முதல் கேள்வி, பைக்குள் என்ன போடப் போகிறீர்கள் என்பது. எல்லாரும் "ஒரு தொன் பை" என்றுதான் கேட்டு வருவார்கள். அப்படி ஒரு சாமான் கிடையாது. 90 சென்ரிமீற்றர் நீளம், 90 அகலம், 110 உயரம் என்று ஒரு பையை எடுங்கள். பெருக்கினால் ஏறக்குறைய 0.9 கன மீற்றர். அதில் எத்தனை கிலோ பிடிக்கும் என்பது பையின் கையில் இல்லை, சாமானின் கையில் இருக்கிறது. நான் கடையில் ஒரு பத்து லீற்றர் வாளி வைத்திருக்கிறேன். வருகிறவரின் சாமானைக் குலுக்காமல் அதில் நிரப்பி நிறுத்துப் பார்ப்பேன். உப்பென்றால் 12 கிலோ அளவில் நிற்கும். அந்தப் பை நிரம்பும்போது ஒரு தொன்னைச் சற்றுத் தாண்டும், பொருத்தம். யூரியா ஏழரை கிலோ. பை நிரம்பினாலும் 670 கிலோதான். தவிடு மூன்று கிலோ வந்தால் பெரிய விஷயம். 270 கிலோவுக்கு ஒரு தொன் பையின் காசைக் கொடுப்பது வீண், மெல்லிய துணியில் உயரமாகத் தைத்த பை போதும்.

மற்றப் பக்கம் புல்மோட்டைக் கறுப்பு மணல். அதில் உள்ள இல்மனைற் என்ற கனிமம் வாளிக்கு 25 கிலோவைத் தொடும். அதே பையை வாய்வரை நிரப்பினால் இரண்டு தொன்னுக்கு மேல். அதனால்தான் கனிம மணலுக்குத் தைக்கிற பைகள் குட்டையாக, அரைவாசி உயரத்தில் இருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் வெட்டித் தைத்த பை என்று நினைப்பார்கள். ஒரு தொன் இல்மனைற்றுக்கு 90க்கு 90 அடியில் 50 சென்ரிமீற்றர் உயரம் போதும். உப்புப் பையை மணலுக்குக் கொடுத்தீர்களோ, பொடியன்கள் பை நிரம்பவில்லையே என்று இன்னும் இரண்டு மண்வெட்டி போடத்தான் செய்வார்கள்.

இரண்டாவது கேள்வி, எதால் தூக்கப் போகிறீர்கள், எத்தனை தடவை. பையில் தைத்திருக்கிற சீட்டை வாசிக்கப் பழகுங்கள். அதில் பாதுகாப்பான சுமை எத்தனை கிலோ என்றும், பக்கத்தில் 5:1 அல்லது 6:1 என்றும் இருக்கும். 5:1 என்றால் ஒரு தடவை நிரப்பி, ஒரு தடவை வெறுமையாக்கிவிட்டுக் கழிக்கிற பை. 6:1 திரும்பத் திரும்பப் பாவிக்கிற பை. இந்தப் பைகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ 21898இன்படி முதல் வகையை இரண்டு மடங்கு பாரத்தில் 30 தடவை தூக்கி இறக்கி, பிறகு ஐந்து மடங்கு வரை இழுத்துப் பார்க்கிறார்கள். இரண்டாவது வகைக்கு நான்கு மடங்கில் 70 தடவை, கடைசியில் ஆறு மடங்கு. "ஐந்து மடங்கு தாங்கும் என்றால் இரண்டு தொன் போட்டால் என்ன" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அந்த ஐந்து மடங்கு புதுப் பைக்கு, நாலு காதிலும் சரிசமமாக, நேர் மேலே இழுக்கும்போது. (தூக்கு வாரை எங்கள் பொடியன்கள் காது என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.) பெக்கோவின் (மண் தோண்டுகிற மெஷினின்) பல்லில் இரண்டு காதை மாட்டிச் சரித்துத் தூக்கினால் அந்தக் கணக்கு எல்லாம் ஆற்றோடு போயிற்று.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. மூன்றாவது வருடம் ஒருவருக்கு உப்புக்கு 60 பை கொடுத்தேன். 5:1 பை, புதியது, ஒருவரும் பாவிக்காதது. மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. லொறியில் ஏற்றும்போது காது ஒன்று விட்டுப் போய், பை சரிந்து, பின் பலகையில் மோதிக் கிழிந்து, ஒரு தொன் உப்பு சேற்றில். கீழே ஆள் இல்லை. நான் போய்ச் சண்டை பிடிக்கிற எண்ணத்தில்தான் போனேன், பெக்கோவால் தூக்கியிருப்பார்கள் என்று. தூக்கியதும் பெக்கோவால்தான். ஆனால் அறுந்த காதைக் கையில் எடுத்து விரலால் உரசினேன், வெள்ளைத் தூள் கொட்டியது. நகத்தால் கீறினால் நார் நாராக வந்தது. பிறகுதான் விளங்கியது. என் ஸ்ரோரில் வெளிச்சத்துக்காகக் கூரை நடுவே ஒரு ட்ரான்ஸ்பேரன்ட் சீற் போட்டிருந்தேன். அதற்கு நேர் கீழே அந்தக் கட்டு நாலு மாதம் கிடந்திருக்கிறது, வைகாசியிலிருந்து கச்சான் காற்று அடித்து முடியும் வரை. மேலே தெரிந்துகொண்டு கிடந்த காதுகள் மட்டும் வெயில் தின்றவை. துணி நன்றாகவே இருந்தது. உப்புக்கும் லொறிப் பலகைக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

இந்தப் பை நெய்கிற பொலிப்புரோப்பிலீன் நூலுக்கு வெயில் எமன். அதற்காக உற்பத்தியின்போதே ஒரு மருந்து கலக்கிறார்கள். அதே ஐ.எஸ்.ஓ தரத்தில், 200 மணித்தியாலம் செயற்கை வெயிலும் ஈரமும் மாறி மாறிக் கொடுத்த பிறகும் பாதிப் பலமாவது மிஞ்ச வேண்டும் என்று இருக்கிறது. மருந்து கலக்காத பையும் கலந்த பையும் பார்வைக்கு ஒன்றுதான், அதுதான் தொல்லை. வெளியில் வைக்கிற பைக்கு அந்தச் சான்றிதழை எழுத்தில் கேளுங்கள். உங்கள் ஸ்ரோரில் அப்படி ஒரு சீற் இருந்தால் நாளைக்கே கறுப்பு அடியுங்கள்.

வெயில் ஆறு மாதம் என்றால் மாரி மற்றத் தொல்லை. உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தண்ணீர் குடிக்கத் தொடங்கும். யூரியாவும் ஏறக்குறைய அப்படித்தான். கார்த்திகை, மார்கழியில் நம்முடைய ஊரில் 75 என்பது நல்ல நாள். நெய்த துணிக்குள் ஈரம் நேரே போகும், ஆகவே உள்ளே பொலித்தீன் உறை வேண்டும், அந்த உறையின் வாயையும் கட்ட வேண்டும். உறை போட்டுவிட்டு வாயைத் திறந்தே விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதோடு உறை பைக்குச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். அளவாகவோ சிறிதாகவோ இருந்தால் பாரம் உறையில் விழும், உறை கிழியும்.

துணியைச் சோதிப்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. மாதிரிப் பை ஒன்றில் பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் சதுரமாக அளந்து வெட்டுங்கள். பிரதான வீதியில் தெரிந்த நகைக்கடையில் கொண்டுபோய்த் தராசில் வையுங்கள். 1.8 கிராம் வந்தால் அது 180 ஜி.எஸ்.எம் துணி, அதாவது சதுர மீற்றருக்கு 180 கிராம். ஒரு தொன் பைக்குப் பெரும்பாலும் 160இலிருந்து 200 வரை வரும். 180 என்று சொல்லி விற்றவருடைய துணி 1.5 நின்றதைப் பார்த்திருக்கிறேன். நகைக்கடை அண்ணர் இன்னும் என்னை "சாக்குப் பவுண்காரர்" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் நிறை மட்டும் போதாது. உள்ளே சுண்ணாம்புப் பொடியைக் கூட்டிக் கலந்து நிறை காட்டுகிற வேலையும் உண்டு. அதற்கு ஒரு நூலைப் பிரித்து எடுத்து இரண்டு விரலால் இறுக்கித் திரித்துப் பாருங்கள். நல்ல நூல் பளபளவென்று முறுகும். பொடி கூடியது வெள்ளையாகி, பிளந்து, தூள் விடும். கறுப்புப் புள்ளியும் எரிந்த மணமும் இருந்தால் பழைய பிளாஸ்டிக் உருக்கியது.

தையலையும் புரட்டிப் பாருங்கள். சீமெந்து மாதிரி நுண்ணிய தூளுக்குத் தையல் துளை வழியாகவே சாமான் போய்விடும். தையலுக்குள் பஞ்சு நூலோ பட்டையோ வைத்துத் தைத்த பை கேட்க வேண்டும். உப்புக்கு, நெல்லுக்கு அது தேவையில்லை.

கொன்டெய்னரில் ஏற்றுகிறவர் வந்தால் இன்னொரு கணக்கு. உள் அகலம் 2.35 மீற்றர். 95 சென்ரிமீற்றர் அடியுள்ள சாதாரணப் பை நிரம்பினால் வயிறு தள்ளி 110, 115 ஆகிவிடும், அதனால் இரண்டு பை பக்கத்துக்குப் பக்கம் மட்டுமட்டாகப் போகும். ஒரு மீற்றருக்கு மேல் அடியுள்ள பையைக் கொடுத்தீர்கள் என்றால் இரண்டாவது போகாது, அந்த இடத்தில் உங்களைத் திட்டுவார்கள். உள்ளே மூலைக்கு மூலை துணித் தடுப்பு வைத்துத் தைத்த பை வயிறு தள்ளாமல் சதுரமாக நிற்கும். விலை கூட, ஆனால் கப்பலில் அனுப்புகிறவருக்கு இடம் மிச்சம்.

மாவு, சீனி, கந்தகம் மாதிரித் தூசி பறக்கிற சாமான் என்று யாராவது கேட்டால் அங்கே சற்று நில்லுங்கள். தூசி காற்றில் கலந்து நிற்கும்போது பையில் உரசி ஏறிய நிலைமின்னால் ஒரு பொறி தெறித்தால் பற்றும். இதற்காக ஏ, பி, சி, டி என்று நாலு வகைப் பைகள் இருக்கின்றன. சாதாரணமாக நாம் விற்பது ஏ, அதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. சி வகையில் மின் கடத்துகிற இழை ஓடும், நிரப்பும்போதும் இறக்கும்போதும் நிலத்தோடு கம்பியால் இணைக்க வேண்டும். இணைக்காத சி, ஏ பையைவிட ஆபத்து. இந்த விஷயத்தில் நீங்கள் ஊகிக்க வேண்டாம், வாங்குகிறவரின் பாதுகாப்பு அதிகாரி எழுத்தில் தரட்டும். நான் தூசி சாமானுக்கு வாய்ச்சொல்லில் ஒரு பையும் கொடுப்பதில்லை.

பழைய பை வியாபாரத்தில் இலாபம் நன்றாக இருக்கும், அதனால்தான் அதில் வழுக்குவதும் சுலபம். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது பழைய உரப்பைக்கும் தட்டுப்பாடு வந்து, நெல் மில்காரர்கள் எது கிடைத்தாலும் வாங்க வந்தார்கள். என்ன இருந்தது என்று தெரியாத வெள்ளை ஜம்போ பாக் ஒரு லொறி எனக்கும் வந்தது. முகர்ந்தேன், மூக்கு எரிந்தது, திருப்பி அனுப்பினேன். அது வேறொரு ஸ்ரோருக்குப் போய் நெல் ஏறியது என்று பிறகு கேள்விப்பட்டேன். சாப்பாட்டுச் சாமானுக்குப் பழைய பை கொடுக்காதீர்கள். இடிபாடு, பிளாஸ்டிக் போத்தல், விறகு, அதற்கெல்லாம் கொடுங்கள், சீட்டில் உள்ள சுமை எழுத்தை மார்க்கரால் அடித்துவிட்டு.

இன்னொரு கூட்டமும் வரும், உப்புவெளி, நிலாவெளிக் கரையோரம் ஹோட்டல் வைத்திருப்பவர்கள். வாடை தொடங்கிக் கடல் அரிக்கும்போது மணல் நிரப்பி அடுக்க ஜம்போ பாக் கேட்பார்கள். நல்ல விலை தருவார்கள். நான் கொடுப்பதில்லை. அடுத்த கோடை வெயிலில் அது நார் நாராகி, நீலமும் வெள்ளையுமாகக் கடற்கரை முழுக்கப் பறக்கும். அந்த வேலைக்கு வேறு துணி, வேறு தையல். கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

இனி மச்சானின் கொன்டெய்னர். இந்தியா இந்தப் பை ஏற்றுமதியில் உலகத்தில் முன்னணி, சாமானில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொன்டெய்னர் என்றால் ஒரே அளவில் ஆயிரக்கணக்கான பை. உங்கள் ஆட்களோ ஆளுக்கு ஒரு அளவு கேட்கிறவர்கள். திருகோணமலைத் துறைமுகம் பெரும்பாலும் மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கானது, கொன்டெய்னர் கொழும்பில்தான் இறங்கும். அங்கிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல் லொறிக்கூலி. இறக்குமதித் தீர்வை, 18 வீத வற் வரி எல்லாவற்றையும் சாமான் விற்க முதலே கட்ட வேண்டும். 2022இல் டொலர் 200 சொச்சத்திலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனதே, அப்போது பழைய விலையில் ஓடர் எடுத்துவிட்டுச் சாமானுக்குக் காத்திருந்தவர்களில் சிலர் கடையை மூடினார்கள். கையில் முழுக் காசும் இருந்தாலும் முதல் இரண்டு வருடம் கொழும்பு மொத்த வியாபாரியிடம் கட்டுக் கட்டாக எடுங்கள். பைக்கு நூறு ரூபா கூடப் போகட்டும். எந்த அளவு ஓடுகிறது என்று உங்கள் கொப்பி சொல்லும். பிறகு மச்சானோடு கதையுங்கள்.

அதுவரை வீட்டுச் செலவுக்கு வருவது ஜம்போ பாக்கிலிருந்து வராது. சாக்கு வாய் தைக்கிற கை மெஷினுக்கு நூல் உருண்டை, ஊசி, வெங்காய வலைப்பை, 50 கிலோ சாக்கு, சுற்றுகிற பொலித்தீன் சுருள், கட்டுகிற பட்டி. நூல் உருண்டை கிழமைக்குக் கிழமை போகும், கடனும் யாரும் கேட்பதில்லை. அந்த மெஷினைத் திருத்தவும் பழகிவிட்டீர்கள் என்றால் அறுவடைக் காலத்தில் மில்காரர் இரவு பத்து மணிக்கும் உங்களைத் தேடி வருவார். ஜம்போ பாக் கடன் அப்படியல்ல. உப்புக்காரர் உப்பு விற்ற பிறகுதான் தருவார், அதைக் குற்றம் என்று சொல்லவும் முடியாது. ஒருவருக்குக் கொடுக்கிற கடன் உங்கள் ஸ்ரோர் சரக்கில் கால்வாசியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 200 பை ஓடரை விடாதீர்கள். ஆனால் நாளைக்கே விலை சொல்ல வேண்டாம். வாளியோடு உப்பளத்துக்குப் போங்கள். ஈர உப்பா, காய்ந்ததா, அங்கே எத்தனை மாதம் வெளியில் கிடக்கும், ஏற்றுவது ஃபோர்க்லிஃப்ட்டா பெக்கோவா என்று பாருங்கள். பெக்கோ என்றால் நாலு காதையும் மாட்ட ஒரு சட்டமும், காது பிடிக்கிற இடம் உருண்டையாக உள்ள கொளுக்கிகளும் ஒட்டுப்பட்டறையில் செய்விக்கச் சொல்லுங்கள், அவர் செய்யாவிட்டால் நீங்களே செய்து வாடகைக்குக் கொடுங்கள். முதலில் 20 பை மட்டும் இறக்குங்கள். முதல் பை தூக்கும்போது கட்டாயம் அங்கே நில்லுங்கள், பைக்குக் கீழே அல்ல, பக்கத்தில் பத்தடி தள்ளி. மிச்சம் 180க்கான விலையை அன்றைக்குப் பின்னேரம் கதைக்கலாம்.